நெதர்லாந்தில் மூன்று வாரம் ஜிஐஎஸ்: விண்ணப்பம் போடுவதிலிருந்து ஊர் திரும்பி வேலையை முடிப்பது வரை

கல்லூரியில் எனக்கு ஜூனியரான தம்பி ஒருவன் ஃபோன் செய்தான். "அக்கா, இந்தக் கோடைக்கு நெதர்லாந்து போய் கியூஜிஐஎஸ் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றான். "கியூஜிஐஎஸ்ஸை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தே கத்துக்கலாமே தம்பி, அவ்வளவு தூரம் போறதுக்கு வேற காரணம் இருக்கணும்" என்று சொன்னேன். (ஜிஐஎஸ் என்பது இடம் சார்ந்த தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை, கியூஜிஐஎஸ் அதற்கான இலவச மென்பொருள்.) அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மூன்று வாரக் கோடை வகுப்புக்குப் போய் வந்தவள். போவதற்கு முன்பு எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் முதல் வாரம் வீணாகியிருக்காது.

நெதர்லாந்து ஏன்?

அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி விடிவதற்குள் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்துபோனார்கள். ஒரு இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதனால்தான் 1996-இல் தொடங்கி நாடு முழுவதையும் விமானத்திலிருந்து லேசரால் மறுபடி மறுபடி அளந்து வருகிறார்கள். அரை மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம் என்ற அளவில் அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம். கட்டடங்கள், முகவரிகள், வாய்க்கால்கள் எல்லாமே இப்படித் திறந்து கிடக்கின்றன. நம் ஊரில் ஒரு எல்லைக்கோடு வாங்க எத்தனை கடிதம் எழுதியிருப்போம்! அங்கே காலையில் ஒரு கேள்வி எழுந்தால் மதியம் தரவோடு உட்கார்ந்துவிடலாம்.

இன்னொரு காரணம், ஜெர்மன் எல்லையை ஒட்டிய என்ஸ்கெடே ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் நெதர்லாந்தின் பிரதமராக இருந்த வில்லெம் ஸ்கெர்மெர்ஹோர்ன் நில அளவைப் பேராசிரியர். அவர் பதவியை விட்டபின் 1950-இல் டெல்ஃப்ட் நகரில், வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு வான்வழி அளவை கற்பிக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் ஐடிசி. 1971-இல் என்ஸ்கெடேக்கு மாறியது, 2010-இல் ட்வென்டே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. டேராடூனில் இருக்கும் நம் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) 1966-இல் ஆரம்பித்ததே இவர்கள் துணையோடுதான். தூரத்து நாடுகளிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஊர் என்பதால் நம் கேள்விகள் அங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை.

முதலில் ஒரு கேள்வி வேண்டும்

வகுப்புகளைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். "ரிமோட் சென்சிங் (செயற்கைக்கோள், விமானப் படங்களைக் கொண்டு நிலத்தை அறிவது) கற்க ஆசை" என்பது கேள்வி ஆகாது. என் கேள்வி இது: ராமநாதபுரம் பக்கக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கிறது, அதைச் செயற்கைக்கோள் படத்தில் மற்ற பச்சையிலிருந்து எப்படிப் பிரிப்பது? நான் எடுத்துவைத்திருந்தது ஜனவரி மாதப் படம். நெல்லும் பச்சை, கருவேலமும் பச்சை, இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அங்கே அதைக் காட்டியபோது ஆசிரியர் முதலில் கேட்டது, "உங்கள் ஊரில் எந்த மாதம் எல்லாம் காய்ந்து, இந்த மரம் மட்டும் பச்சையாக இருக்கும்?" என்றுதான். மே மாதம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த காட்சி அது. அதைப் படத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியாமல் இருந்தது. இப்படி ஒரே கேள்வியில் பாதை திறக்க வேண்டுமென்றால் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வகுப்பை எடைபோடுவது எப்படி

விளம்பரப் படங்களில் எல்லா வகுப்பும் அழகாகத்தான் இருக்கும். கிரெடிட் எண்ணைப் பாருங்கள். நெதர்லாந்தில் ஒரு ஐரோப்பிய கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு. இரண்டு வார வகுப்புக்கு 3 கிரெடிட் என்றால் 84 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல், நிஜமான படிப்பு. அதே இரண்டு வாரத்துக்கு 1 கிரெடிட் என்றால் மீதி நேரம் ஊர் சுற்றலுக்கு. சுற்றுவது தப்பில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அப்புறம் பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை நாள் என்று பாருங்கள். ஒரு நாள்கூட இல்லையென்றால் நான் அதை விட்டுவிடுவேன். கணினி அறையில் நடப்பதில் பெரும்பகுதி இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. கடைசியில் சொந்தத் திட்டம் செய்யவிடுகிறார்களா, அல்லது எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தாளா என்பதும் முக்கியம். இது எழுதியிராவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. ஓப்பன்ஜியோஹப் என்ற நெதர்லாந்து அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு வாரக் கோடைப் பள்ளி நடத்துகிறது. ஆர், பைத்தான் போன்ற கட்டற்ற கருவிகள்தான் அங்கே பாடம். ஊர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: 2018-இல் பிராக், 2019-இல் மியூன்ஸ்டர், 2023-இல் போலந்தின் பொஸ்னான். விரிவுரைகளைப் பதிவுசெய்து இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். போக முடியாவிட்டாலும் அவற்றைப் பாருங்கள். போகிறவர்கள் முந்தைய ஆண்டுப் பதிவுகளைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம் கல்லூரி அந்த கிரெடிட்டை ஏற்குமா என்று புறப்படுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

விண்ணப்பக் கடிதம்

ஒரு பக்கம் போதும். நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் பத்தியில் சிறுவயது முதலே வரைபட ஆர்வம், இரண்டாவதில் உலகத்தரம் வாய்ந்த உங்கள் நிறுவனம், மூன்றாவதில் நாட்டுக்குச் சேவை. மூன்றையும் தூக்கிவிட்டு உங்கள் கேள்வியை எழுதுங்கள். என்ன தரவு வைத்திருக்கிறீர்கள், எதை முயன்றீர்கள், எங்கே நின்றுபோனது, இந்த வகுப்பின் எந்தப் பகுதி அதற்கு உதவும் என்று நம்புகிறீர்கள். கூடவே நீங்களே செய்த வரைபடம் ஒன்றை இணையுங்கள். சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

விசா

90 நாளுக்குள் முடியும் படிப்புக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 15 நாளை நம்பாதீர்கள். முடிவு சொல்ல அவர்கள் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம், மே, ஜூனில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கஷ்டம். ஜூலை வகுப்பு என்றால் ஏப்ரலுக்குள் கொடுத்துவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்ல வேண்டும்.

அனுமதிக் கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கல்லூரியின் தடையில்லாச் சான்று ஆகியவற்றில் தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு அனுமதிக் கடிதத்தில் ஒரு தேதி, காப்பீட்டில் வேறு தேதி. காப்பீடு இரண்டு நாள் குறைவாக முடிந்ததால் மறுபடி அலைந்தார். வகுப்பு முடிந்து பாரிஸ் பார்க்கப் போவதாக இருந்தாலும், அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: வகுப்புக் கட்டணத்தில் தங்குமிடம் சேருமா என்று முதலில் கேளுங்கள். சேராது என்றால் கோடையில் அறை தேடுவது தனிப் பாடு. பல்கலைக்கழக வளாகத்திலேயே கிடைத்தால் விடாதீர்கள்.

புறப்படும் முன் ஆறு வாரம்

இந்தப் பகுதியில்தான் உங்கள் மூன்று வாரம் பலிக்குமா இல்லையா என்பது தீர்மானமாகும்.

அடிப்படைகளுக்கு ஐஐஆர்எஸ் நடத்தும் இலவச இணையவழி வகுப்புகள் நன்றாக இருக்கும். அடுக்குகளைத் திறப்பது, வெட்டுவது, இணைப்பது, வரைபடமாக அச்சுக்கு எடுப்பது எல்லாம் கை தானாகச் செய்யும் அளவுக்கு வந்துவிட வேண்டும். வகுப்பில் எந்தப் பதிப்பு கியூஜிஐஎஸ் என்று கேட்டு அதையே நிறுவுங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் கணக்கையும் ஊரிலேயே திறந்து ஒரு படத்தையாவது ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் வகுப்பில் பாதிப் பேர் கணக்குத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அடுத்தது புரொஜெக்‌ஷன். உருண்டைப் பூமியைத் தட்டையான வரைபடமாக விரிக்கும் முறை அது. இதில் நான் அடிபட்டேன். முதல் வாரப் பயிற்சியில் ஒரு கட்டடத்தின் கூரையைப் படத்தின்மேல் வரைந்து பரப்பு கணக்கிட்டேன். அரசுப் பதிவில் சுமார் 1,000 சதுர மீட்டர் என்று இருந்த கட்டடம் எனக்கு 2,660 என்று வந்தது. இரண்டு மணி நேரம் தேடினேன். காரணம் எளிது. இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் முறையிலேயே வரைந்து அளந்திருந்தேன். அந்த முறை நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும். ராமநாதபுரத்தில் அது நூற்றுக்கு மூன்றுகூட வராது, அதனால் ஊரில் வருடக்கணக்கில் அப்படியே அளந்தும் எனக்குத் தெரியவில்லை. 52 டிகிரி அட்சரேகையில் அதே பிழை இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. தவறு ஊரிலிருந்தே கூட வந்திருக்கிறது, வடக்கே போனபிறகுதான் கண்ணில் பட்டது.

கியூஜிஐஎஸ்ஸில் இன்னொரு நுணுக்கம். கணக்கிடும் பெட்டியில் டாலர் குறியோடு ஏரியா என்று எழுதினால் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். குறியில்லாத ஏரியா தட்டையாக அளக்கும். இரண்டையும் ஒரே வயலுக்குப் போட்டுப் பாருங்கள், பாடம் மறக்காது.

நம் ஊரிலேயே பழக ஒரு நல்ல இடம் இருக்கிறது. உலகத்தைத் தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையில், மண்டலங்கள் 43-க்கும் 44-க்கும் நடுவிலான கோடு 78 டிகிரி தீர்க்கரேகை. திண்டுக்கல் நகரம் 43-இல், மதுரை 44-இல். இரண்டு ஊரையும் சேர்த்து ஒரு வரைபடம் போட முயன்றாலே பாதி விஷயம் விளங்கிவிடும். நெதர்லாந்துக்குத் தனி முறை உண்டு, இத்தகைய முறைகளின் பட்டியலில் அதன் எண் ஈபிஎஸ்ஜி 28992. அதன் மையம் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரத்தின் மாதா கோபுரம். 1787-இல் வெடிமருந்து வெடித்துக் கோயில் போய்விட்டது, கோபுரம் மட்டும் நிற்கிறது. அந்தக் கோபுரம் நிற்கும் புள்ளிக்கு, கிழக்கு எண் 155,000 மீட்டர், வடக்கு எண் 463,000 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படி வைத்ததால் நாட்டின் எந்த மூலையிலும் முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாகவே இருக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து என்ஸ்கெடே போகும் ரயில் ஆமர்ஸ்ஃபோர்ட் வழியாகத்தான் போகிறது. நேரமிருந்தால் இறங்கிப் பாருங்கள்.

தமிழில் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையில், அட்டவணையின் ஒரு நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். "ஊர்" என்ற தலைப்பு 9 பைட், தப்பித்தது. "மாவட்டம்" வெட்டுப்பட்டுவிடும். உள்ளே எழுதும் மதிப்புக்கும் 254 பைட்தான் வரம்பு. திருவல்லிக்கேணி நமக்கு எட்டெழுத்து, கணினிக்கு 45 பைட். ஒரு முகவரியை முழுதாக எழுதினால் பாதியில் நின்றுவிடும், நின்றது சத்தமில்லாமல் நடக்கும். எல்லாவற்றையும், இந்த வரம்புகள் இல்லாத ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையாக மாற்றிக்கொண்டு போங்கள். கோப்புறைப் பெயர்களில் மட்டும் தமிழும் இடைவெளியும் வேண்டாம், சில கருவிகள் முரண்டு பிடிக்கும்.

எந்தத் தரவைக் கொண்டுபோவது என்பதிலும் கவனம் தேவை. 2021 பிப்ரவரியில் வந்த இந்திய அரசின் வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் உயரத்தில் 3 மீட்டரையும் விட நுட்பமான தரவை இந்தியாவுக்குள்ளேயேதான் சேமிக்கவும் செயலாக்கவும் வேண்டும். துறையில் வாங்கிய ட்ரோன் படத்தை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு சதுரம் 10 மீட்டர், உலகத்துக்கே இலவசம், பயிற்சிக்கு அதுவே தாராளம்.

அங்கே போனபின்

மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகமும் 50 ஜிபி காலி இடமும் இருந்தால் நிம்மதி. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், களத்துக்கு எல்லோரும் அதில்தான் போகிறார்கள். ஜூலையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மாலையிலும் களத்துக்குப் போகலாம்.

களப்பணி நாளை விளக்கமாகச் சொல்கிறேன், நான் போனதற்கு அதுதான் பலன். என்ஸ்கெடேக்கு வெளியே மக்காச்சோளம், புல்வெளி, கொஞ்சம் காடு, ஆம்ஸ்ஃபேன் என்ற சதுப்பு நிலம். ஃபோனில் க்யூஃபீல்டு செயலியைப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் என்ன வளர்கிறது என்று புள்ளி வைக்க வேண்டும். நான் சாலையோரத்தில் சைக்கிளை நிறுத்தி, வயலைப் பார்த்து "மக்காச்சோளம்" என்று அழுத்திவிட்டு அடுத்த வயலுக்குப் போனேன். மதியத்துக்குள் நாற்பது புள்ளி, எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் அவற்றைப் படத்தின்மேல் போட்டோம். என் புள்ளிகளில் பெரும்பாலானவை வயலில் இல்லை, சாலையிலும் வரப்பிலும் விழுந்திருந்தன. நான் நின்ற இடத்தைத்தானே ஃபோன் குறிக்கும், பார்த்த இடத்தை அல்லவே. செயற்கைக்கோள் படத்தின் ஒரு சதுரம் 10 மீட்டர், ஃபோனின் பிழை இன்னும் நாலைந்து மீட்டர். பாதி தார், பாதி சோளம் கலந்த சதுரத்தைக் காட்டி "இதுதான் மக்காச்சோளம்" என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே நடந்தோம். ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு சதுர நீளம், அதாவது இருபது மீட்டர், இடுப்பளவு பயிருக்குள் வரிசை நடுவே. அங்கே நின்று, ஃபோன் துல்லியம் நிலைக்கும் வரை காத்திருந்து, நாலு திசையிலும் படம் எடுத்து, அப்புறம்தான் புள்ளி. அன்றைக்கு பதினோரு புள்ளிதான் எடுக்க முடிந்தது. முந்தைய நாளின் நாற்பதைவிட அந்தப் பதினொன்று நல்ல வரைபடம் தந்தது.

இன்னொரு விஷயம் சரிபார்ப்பு. எடுத்த புள்ளிகளைக் குலுக்கிப் பாதியைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் 95 சதவீதம் சரி என்று வரும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒரே வயலின் இரண்டு புள்ளிகள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போயிருக்கும். வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது மாதிரி அது. வயல் வயலாகப் பிரித்து, பயிற்சியில் இல்லாத ஊரில் சோதித்துப் பாருங்கள். எண் குறையும். குறைந்த அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

தரவுத் தளங்கள் டச்சு மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். பான்ட் என்றால் கட்டடம், ஹோக்தே என்றால் உயரம், கெமேன்தே என்றால் நகராட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ஸ்டர்டாம் போய், நகராட்சியும் ஓபரா அரங்கும் சேர்ந்த ஸ்டோபெரா கட்டடத்தில் இருக்கும் வெண்கலக் குமிழைத் தொட்டுப் பாருங்கள். நாட்டின் எல்லா உயரங்களுக்கும் பூஜ்யம் அதுதான். திரையில் பார்த்த மைனஸ் எண்களுக்கெல்லாம் அந்த இடத்தில்தான் அர்த்தம் கிடைக்கும்.

வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர்களோடு பேசுங்கள். எனக்கு அருகே கென்யாவிலிருந்து வந்த ஒருவர். அவர் ஊரிலும் இதே சீமைக்கருவேலம்தான் தலைவலி, மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவர் எந்த மாதப் படம் எடுத்தார், எதோடு குழம்பியது என்று கேட்டு எழுதிக்கொண்ட இரண்டு பக்கம் இன்றும் என் மேசையில் இருக்கிறது.

திரும்பி வந்தபின்

முதல் பத்து நாளுக்குள் மடிக்கணினியைத் திறந்து, அங்கே செய்த வேலையை உங்கள் ஊர்த் தரவில் முதலிலிருந்து ஓட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் எந்த அமைப்பை எதற்கு வைத்தோம் என்பது மறந்துவிடும். வந்த முடிவை ஒரே பக்கத்தில் வரைபடத்தோடு ஆசிரியருக்கு அனுப்புங்கள். நான் மே மாதப் படத்தில் கண்மாய்களுக்குள் கருவேலத்தைப் பிரித்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. பாராட்டு ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு கேள்வி: தரையில் எத்தனை புள்ளி?

ஒன்றுகூட இல்லை. அந்தச் சனிக்கிழமை ஃபோனைச் சார்ஜ் போட்டு, முழுக்கைச் சட்டையும் தடித்த செருப்பும் போட்டுக்கொண்டு, அரிவாளோடு ஒரு அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். முள்ளுக்குள் இருபது மீட்டர் நடக்க அரை மணி நேரம் ஆனது. "இங்க நின்னா போதாதா பாப்பா, இங்கருந்தே தெரியுதே?" என்று கரையைக் காட்டிக் கேட்டார். "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ளே" என்றேன்.